வலி மாத்திரைப் பழக்கம்: பூட்டைத் திறங்கள் முதலில்

போன மாதம் கோத்தகிரிப் பக்கம் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களின் ஒரு லைன் வீட்டுக்குப் போனேன். வெளியே தாழ்ப்பாள், உள்ளே மாத்திரைப் பழக்கத்தை விடவைக்கப் பூட்டிய பையன், வாசலில் காவலுக்கு நாலு இளைஞர்கள். "பத்து நாள்தான் அண்ணா, அப்புறம் சரியாகிடுவான்." ஏழு வருடத்துக்கு முன்னால் நானும் இதையேதான் சொன்னேன்.

பூட்டி வைப்பது

கூடலூர்ப் பக்கம் இலை மூட்டை தூக்கியே முதுகு போன ஒருவர். வலிக்கு எழுதிக் கொடுத்தது டிரமடால், அபின் வகை வலி மாத்திரை. வலி போன பிறகும் மாத்திரை போகவில்லை. நாங்கள் அறையில் வைத்துப் பூட்டினோம். மாத்திரை நின்றதும் கொட்டாவி, மூக்கொழுகல், பேதி, கை கால் உளைச்சல். ஒரு வாரத்தில் அடங்கியது. ஜெயித்துவிட்டோம் என்று எல்லோரும் டீ குடித்தோம்.

வெளியே விட்ட மூன்றாம் நாள் பழைய கணக்குக்கே மாத்திரை போட்டிருக்கிறார். பழகிய உடம்பு தாங்கிய அளவை, இடைவெளி விட்ட உடம்பு தாங்காது, மூச்சே அடங்கிவிடும். உதடு நீலமாகிக் கிடந்தவரைத் தம்பி பார்த்ததால் 108 வந்தது, ஆஸ்பத்திரியில் அந்த மாத்திரையை முறிக்கும் நலோக்சோன் ஊசி போட்டார்கள், பிழைத்தார். அந்த டீயை நினைத்தால் இன்றும் எரிகிறது.

அப்புறம்தான் மனநல மருத்துவரிடம் போனோம். நாக்கடியில் வைக்கும் புப்ரினார்ஃபின் மாத்திரை கொடுத்தார், அதுவும் அபின் வகைதான். "ஒரு போதைக்கு இன்னொரு போதையா?" என்று ஊரே கேட்டது. சரியான அளவில் கொடுத்தால் அது உளைச்சலை அடக்கும், கிறக்கம் தராது; ஆள் வேலைக்குப் போகலாம். ஆனால் மாதக்கணக்கில் தொடர வேண்டும். மலையிலிருந்து இறங்கிப் போக பஸ் காசும் ஒரு நாள் கூலியும் போகும். ஊர் உதவ வேண்டிய இடம் இதுதான்: காசு திரட்டுங்கள், துணைக்கு ஓர் ஆள் போங்கள். எங்கே போவதென்று தெரியாவிட்டால் போதை மீட்பு உதவி எண் 14446-ஐக் கூப்பிடுங்கள்.

போலீஸுக்குப் பயந்து ஒளித்து வைப்பது

2018-இல் டிரமடால் போதைப்பொருள் சட்டத்துக்குள் வந்ததும் இந்தப் பயம் கூடியது. பயன்படுத்தியதற்காக வழக்கில் மாட்டியவர் தானாகச் சிகிச்சைக்கு வந்தால் அதே சட்டத்தின் 64ஏ பிரிவு வழக்கிலிருந்து விலக்கு பெற வழி தருகிறது. வக்கீலிடம் கேளுங்கள்.

பெயர் சொல்லி ஊர்க்கூட்டம்

வேண்டாம்.

எல்லா வலி மருந்தையும் பேயாக்குவது

மாத்திரைப் பழக்கத்துக்கு எதிராக நாங்கள் போட்ட தெரு நாடகத்தைப் பார்த்துவிட்டு ஒரு பாட்டி, தனக்குப் புற்றுநோய் வலிக்குக் கொடுத்த மார்ஃபின் மாத்திரைகளை அடுப்பில் போட்டுவிட்டார். இரண்டு ராத்திரி துடித்தார். மறுவாரம் நாடகத்தில் அந்தப் பாட்டிக்கும் ஒரு வேஷம் சேர்த்தோம்.