ஆர்டி (ரியல்-டைம், அதாவது குறித்த நேரத்துக்குள் பதில் தர வேண்டிய) லினக்ஸ் கெர்னல் போட்டாச்சு, சரி, நம்புவது எப்படி?

லினக்ஸை ரியல்-டைம் ஆக்கும் பிரீஎம்ப்ட் ஆர்டி 2024-இல் வந்த லினக்ஸ் 6.12-லேயே சேர்ந்துவிட்டதால் இப்போது தனியாக பேட்ச் தேடி அலைய வேண்டாம், ஆனால் கெர்னலை பில்ட் செய்யும்போது அந்த ஆப்ஷனை நாம்தான் ஆன் செய்ய வேண்டும். பூட் ஆனதும் யூநேம் கட்டளையை -a சேர்த்துக் கொடுத்துப் பாருங்கள். பிரீஎம்ப்ட் ஆர்டி என்று வரவில்லையா, மேலே போகாதீர்கள்.

அடுத்து ஆர்டி-டெஸ்ட்ஸ் என்கிற சோதனைக் கருவித் தொகுப்பிலுள்ள சைக்ளிக்டெஸ்ட். ஒரு த்ரெட்டைத் தூங்க வைத்து, சொன்ன நேரத்துக்கு எழுந்ததா, எத்தனை மைக்ரோ செகண்ட் தாமதம் என்று அளப்பதுதான் இதன் வேலை. ஒவ்வொரு கோருக்கும் ஒரு த்ரெட், முன்னுரிமை 80-க்கு மேல், மெமரி லாக் (புரோகிராமின் மெமரி டிஸ்குக்குப் போகாமல் பிடித்து வைப்பது), ஹிஸ்டோகிராம் (எந்தத் தாமதம் எத்தனை தடவை வந்தது என்ற கணக்கு), இவ்வளவும் போட்டு ரூட்டாக ஓட்டுங்கள்.

பலர் கோட்டை விடுவது இங்கேதான்: சும்மா இருக்கும் மெஷினில் அஞ்சு நிமிஷம் ஓட்டி, சராசரி தாமதம் 3 மைக்ரோ செகண்ட் என்று பார்த்துச் சந்தோஷப்படுவார்கள். சராசரியை வைத்து என்ன செய்ய? ஹேக்பெஞ்ச், ஸ்ட்ரெஸ்-என்ஜி போன்ற சுமை ஏற்றும் கருவிகள், டிஸ்க், நெட்வொர்க் என எல்லாச் சுமையையும் ஏற்றி ராத்திரி முழுக்க ஓடவிட்டு, காலையில் அதிகபட்சம் என்கிற அந்த ஒரு எண்ணைப் பாருங்கள். கோடித் தடவை 5 வந்து ஒரே தடவை 400 வந்தாலும், உங்கள் கெடு 100 என்றால் ஃபெயில்தான்.

அப்படி வந்தால் உடனே கெர்னலைத் திட்டாதீர்கள். பயாஸ் நம்மைக் கேட்காமலே சிபியுவைப் பிடுங்கிக்கொள்ளும் எஸ்எம்ஐ (சிஸ்டம் மேனேஜ்மென்ட் இன்டரப்ட்) ஆகவும் இருக்கலாம், அதை ஹார்டுவேர் தாமதத்தைத் தேடும் ஹெச்டபிள்யூ-லேட்-டிடெக்ட் கருவி காட்டிக் கொடுக்கும். அதிலும் ஒன்றும் சிக்கவில்லை என்றால், சிபியுவின் ஆழ்ந்த தூக்க நிலைகளை அணைத்துவிட்டு மறுபடி ஓட்டுங்கள்.