அமெரிக்கப் பள்ளிகளின் ஆண்டு அறிவிப்பு: பெற்றோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பள்ளி திறக்கிற சமயத்தில் அமெரிக்காவில் பிள்ளைகளைப் படிக்க வைக்கும் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு நீளமான பிடிஎஃப் வந்து சேரும். பெற்றோருக்கு என்னென்ன உரிமைகள் உண்டு என்று சட்டப்படி ஆண்டுதோறும் தெரிவிக்க வேண்டிய அறிவிப்பு அது. பலரும் நேராகக் கடைசிப் பக்கத்துக்குப் போய், போர்ட்டலில் ஒரு கிளிக் செய்துவிட்டு, பஸ் எத்தனை மணிக்கு வரும் என்று பார்க்கப் போய்விடுகிறார்கள்.

அப்படித் தாண்டிப் போகக் கூடாது என்பதற்குக் காரணம் இருக்கிறது. அதில் உள்ள சில விஷயங்களில் நாம் பேசாமல் இருந்தால் சம்மதம் என்று எடுத்துக்கொள்வார்கள். வேறு சிலவற்றில் நாம் எழுதிக் கொடுக்காமல் பள்ளி எதையும் தொடங்கவே முடியாது. எது எந்த வகை என்று தெரியாததால்தான் கீழே சொல்லும் தவறுகளில் பெரும்பாலானவை நடக்கின்றன. நம்மவர்கள் நிறையப் பேர் வாழும் கலிஃபோர்னியாவை வைத்தே சொல்கிறேன். மத்திய அரசின் சட்டங்கள் எல்லா மாநிலத்துக்கும் பொது. நாள் கணக்கு மட்டும் சிலவற்றில் மாறும்.

கையெழுத்தைத் தவறாகப் புரிந்துகொள்வது

கையெழுத்துப் போட்டால் எல்லாவற்றுக்கும் ஒத்துக்கொண்டதாகிவிடும் என்று சிலர் தயங்குகிறார்கள். கையெழுத்துப் போட்டாகிவிட்டது, இனி பள்ளி நம்மைக் கேட்காமல் எதுவும் செய்யாது என்று வேறு சிலர் நிம்மதியாக இருக்கிறார்கள். இரண்டுமே தவறு. கலிஃபோர்னியா கல்விச் சட்டத்தின் 48982-வது பிரிவு இதைத் தெளிவாகவே சொல்கிறது: அந்தக் கையெழுத்து 'உரிமைகளை எனக்குத் தெரிவித்தார்கள்' என்பதற்கான ஒப்புதல் மட்டுமே. எந்த ஒரு திட்டத்துக்கும் சம்மதம் கொடுத்ததாகவோ மறுத்ததாகவோ அதற்குப் பொருள் இல்லை. மறுக்க வேண்டியதைத் தனியாக, அதற்குரிய படிவத்தில் மறுக்க வேண்டும்.

'டைரக்டரி இன்ஃபர்மேஷன்' பகுதியைப் படிக்காமல் விடுவது

மௌனம் சம்மதமாகும் இடம் இதுதான். 1974-இல் வந்த ஃபெர்பா சட்டத்தின்படி, பிள்ளையின் கல்விப் பதிவுகளைப் பெற்றோரின் எழுத்துப்பூர்வமான அனுமதி இல்லாமல் பள்ளி பொதுவாக வெளியே தரக்கூடாது. ஆனால் பெயர், முகவரி, தொலைபேசி எண், பிறந்த தேதி, புகைப்படம், வாங்கிய விருதுகள் போன்றவற்றை 'டைரக்டரி' தகவல் என்று பள்ளி அறிவித்துவிட்டால், நீங்கள் மறுக்காத வரை தரலாம். மறுக்க ஒரு கெடு வைத்திருப்பார்கள். அந்தத் தேதி தாண்டினால் அந்த ஆண்டுக்கு வாய்ப்புப் போனது போலத்தான்.

உயர்நிலைப் பள்ளியில் இன்னொன்றும் சேரும். ராணுவத்துக்கு ஆள் எடுப்பவர்கள் கேட்டால் மாணவரின் பெயர், முகவரி, தொலைபேசி எண்ணைப் பள்ளி கொடுத்தாக வேண்டும். வேண்டாம் என்றால் பெற்றோர் எழுதிக் கொடுக்க வேண்டும்.

படிவத்தை நிதானமாகப் படியுங்கள். எல்லாவற்றையும் மறுக்கும் ஒரே கட்டம்தான் இருக்கிறது என்றால், ஆண்டு மலரில் பிள்ளையின் படமும் வராமல் போகலாம். பட்டமளிப்பு விழா மலரில் பெயர் இல்லையே என்று மே மாதத்தில் பிள்ளை அழுவதற்கும் அந்தக் கட்டமே காரணமாகிவிடும். எதை எதைத் தனியாக மறுக்கலாம் என்று அலுவலகத்தில் கேட்டுவிட்டு டிக் செய்யுங்கள். ஊர் மாறி வேறு பள்ளி டிஸ்ட்ரிக்டில் (பள்ளிகளை நடத்தும் வட்டார நிர்வாகம்) சேர்த்தால் மறுபடியும் எழுதிக் கொடுக்க வேண்டும்.

பதிவுகளை வாய்மொழியாகக் கேட்பது

பிள்ளையின் கோப்பைப் பார்க்கும் உரிமை நமக்கு உண்டு. ஃபெர்பா 45 நாள் அவகாசம் தருகிறது. கலிஃபோர்னியாவில் ஐந்து வேலை நாளுக்குள் காட்ட வேண்டும். வாசலில் டீச்சரைப் பார்த்து 'பார்க்கணுமே மேடம்' என்று சொன்னால், எப்போது கேட்டீர்கள் என்பதற்கு ஆதாரம் இருக்காது. தேதியோடு ஒரு இமெயில் போடுங்கள். நகல் எடுக்கப் பள்ளி பணம் கேட்கலாம், கோப்பைத் தேடி எடுத்ததற்குக் கேட்கக் கூடாது. மணமுறிவு ஆகியிருந்தாலும், நீதிமன்ற ஆணை தடுக்காத வரை தாய் தந்தை இருவருக்கும் இந்த உரிமை உண்டு. தவறான தகவல் இருந்தால் திருத்தக் கேட்கலாம். ஆனால் மதிப்பெண் குறைவு என்று வாதாட இது வழி இல்லை.

பிள்ளைக்கு 18 வயது ஆனதும், அல்லது கல்லூரியில் சேர்ந்ததும், இந்த உரிமை பிள்ளையிடம் போய்விடும். ஃபீஸ் கட்டுவது நாம்தானே என்று கல்லூரியில் மார்க் கேட்டுவிட்டு வருத்தப்படுகிற பெற்றோர் நம்மில் நிறைய உண்டு. தனியார் பள்ளிக்கும் இது அப்படியே பொருந்தும் என்று நினைக்காதீர்கள். மத்தியக் கல்வித் துறையின் நிதி வாங்காத பள்ளியை ஃபெர்பா கட்டுப்படுத்தாது.

வீட்டு மொழிப் படிவத்தில் 'இங்கிலீஷ்' என்று எழுதுவது

'தமிழ்னு எழுதினா பிள்ளையைத் தனி வகுப்பில் போட்டுவிடுவார்கள்' என்று ஒருவர் சொல்லி, அதைப் பத்துப் பேர் கேட்டு நடக்கிறார்கள். உண்மையை எழுதுங்கள். தமிழ் என்று எழுதினால் ஒரு ஆங்கிலத் தேர்வு வைப்பார்கள். பிள்ளைக்கு ஆங்கிலம் நன்றாக வந்தால் அதோடு முடிந்தது. 'இங்கிலீஷ் லேர்னர்' (ஆங்கிலம் இன்னும் கற்றுக்கொண்டிருப்பவர்) என்று வகைப்படுத்தினால், கல்வியாண்டு தொடங்கி 30 நாளுக்குள் பெற்றோருக்குக் கடிதம் வர வேண்டும். எந்த நிலையில் இருக்கிறான், என்ன உதவி தரப் போகிறோம் என்று அதில் சொல்லியிருக்கும். அந்தத் திட்டம் வேண்டாம் என்று சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. ஆனால் திட்டத்தை மறுத்தாலும் வகைப்பாடு மாறாது, ஆண்டுதோறும் வரும் தேர்வையும் எழுதியே ஆக வேண்டும். மறுத்துவிட்டோம், கதை முடிந்தது என்று விட்டுவிடுவதும் ஒரு தவறுதான்.

சிறப்புக் கல்வியில் 'கொஞ்சம் பொறுத்துப் பார்க்கலாம்' என்று தலையாட்டுவது

எனக்கு மிகவும் மனம் கனக்கிற இடம் இது. இரண்டாம் வகுப்புக்கு வந்தும் எழுத்துக்கூட்டிப் படிக்கத் திணறும் பிள்ளையைப் பற்றி அம்மா கவலையோடு கேட்பார். 'வீட்டில் இரண்டு மொழி, அதனால்தான்' என்று பள்ளி சொல்லும். வீட்டிலோ 'நம்ம பிள்ளைக்கு ஒன்றும் இல்லை' என்பார்கள். ஒரு வருடம் போய்விடும்.

குறைபாடுள்ள பிள்ளைகளின் சிறப்புக் கல்விக்கான மத்திய அரசுச் சட்டம் ஐ.டி.இ.ஏ. அதன்படி, பிள்ளைக்குச் சிறப்புக் கல்வி தேவையா என்று மதிப்பீடு செய்யச் சொல்லிப் பெற்றோரே கேட்கலாம். கலிஃபோர்னியாவில் எழுதிக் கேட்ட 15 நாளுக்குள் பள்ளி மதிப்பீட்டுத் திட்டத்தைக் கையில் தர வேண்டும். நீங்கள் கையெழுத்திட்டுத் திருப்பிக் கொடுத்த நாளிலிருந்து 60 நாளுக்குள் ஐ.இ.பி. (பிள்ளைக்கென்றே வகுக்கும் தனிக் கல்வித் திட்டம்) கூட்டம் நடக்க வேண்டும். நீண்ட விடுமுறைகள் இந்தக் கணக்கில் வராது. வகுப்பில் கூடுதல் பயிற்சி கொடுத்துப் பார்க்கிறோம் என்பதைக் காரணமாகக் காட்டி மதிப்பீட்டைத் தள்ளிப்போட முடியாது.

இங்கே மௌனம் சம்மதம் ஆகாது. உங்கள் கையெழுத்து இல்லாமல் முதல் மதிப்பீடு பொதுவாக நடக்காது, முதல் முறையாகச் சிறப்புக் கல்விச் சேவையும் தொடங்காது. மதிப்பீட்டுக்குச் சம்மதித்தால் சேவைக்கும் சம்மதித்ததாக ஆகிவிடாது. கூட்டத்தில் ஏழெட்டுப் பேர் சுற்றி உட்கார்ந்திருக்க, அங்கேயே கையெழுத்துப் போட வேண்டிய அவசியமும் இல்லை. வீட்டுக்கு எடுத்துப் போய்ப் படிக்கிறேன் என்று சொல்லலாம். பள்ளியின் மதிப்பீடு சரியில்லை என்று தோன்றினால், அரசுச் செலவில் வெளியாள் ஒருவரின் மதிப்பீட்டைக் கேட்கலாம். பள்ளி அதற்குப் பணம் கொடுக்க வேண்டும், இல்லையென்றால் தன் மதிப்பீடு சரிதான் என்று விசாரணை கோரி நிரூபிக்க வேண்டும்.

கூட்டத்தில் ஆங்கிலத்தில் பேசத் தயக்கமாக இருந்தால் தமிழ் மொழிபெயர்ப்பாளரைக் கேளுங்கள், பெற்றோருக்குப் புரியும்படி ஏற்பாடு செய்வது பள்ளியின் கடமை. பாட்டி தாத்தாதான் பிள்ளையை வளர்க்கிறார்கள் என்றால் இது இன்னும் முக்கியம். பெற்றோரின் உரிமைகளைச் சொல்லும் 'ப்ரொசீஜரல் சேஃப்கார்ட்ஸ்' கையேடும், முடியாத காரியம் என்றால் தவிர, பெற்றோரின் மொழியிலேயே இருக்க வேண்டும்.

மற்றவை

கட்டடத்தில் ஆஸ்பெஸ்டாஸ் பற்றிய அறிவிப்பு 1986-ஆம் ஆண்டுச் சட்டத்தால் வருவது. பயப்பட வேண்டாம், சந்தேகம் இருந்தால் பராமரிப்புத் திட்டத்தை அலுவலகத்தில் கேட்டுப் பார்க்கலாம். மதம், அரசியல், குடும்ப வருமானம், மனநலம் போன்ற எட்டு விஷயங்களைத் தொடும் கருத்துக்கணிப்புகளைப் பற்றி முன்கூட்டியே சொல்ல வேண்டும் என்று இன்னொரு சட்டம் இருக்கிறது. கேள்வித்தாளை முதலில் பார்க்கக் கேளுங்கள். ஏழைப் பிள்ளைகள் அதிகம் படிக்கும் பள்ளிகளுக்கு மத்திய அரசு தரும் 'டைட்டில் ஒன்' நிதியைப் பெறும் பள்ளி என்றால் ஆசிரியரின் தகுதியைக் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்.

புகார் செய்யும் கெடுவைத் தவறவிடுவது

ஃபெர்பா மீறலுக்குக் கல்வித் துறையிடம் 180 நாளுக்குள் புகார் தர வேண்டும். இதற்காகப் பள்ளிமீது பெற்றோர் நேரடியாக வழக்குப் போட முடியாது என்று 2002-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டதால், இந்தப் புகார்தான் முக்கியமான வழி. சிறப்புக் கல்வி விதிமீறலுக்கு மாநிலக் கல்வித் துறையிடம் ஓராண்டுக்குள் எழுத வேண்டும். பள்ளியோடு பேசித் தீர்த்துக்கொள்ள முயல்வது நல்லதுதான், ஆனால் பேசிக்கொண்டிருக்கும் மாதங்களும் இந்தக் கெடுவில் கழிந்துகொண்டே இருக்கும். முதல் பேச்சு நடந்த அன்றே கெடு முடியும் தேதியைக் காலண்டரில் குறித்துவிட்டு, அப்புறம் பேசுங்கள்.