முதல் ரிமோட் டாங்கி வாங்குகிறீர்களா? கியரைப் பாருங்கள்

ரேடியோ கன்ட்ரோலில் ஓடும் மாதிரி டாங்கியை முதன்முறையாக வாங்குபவர்களுக்கு 1:16 அளவுதான், அதாவது நிஜ டாங்கியில் பதினாறில் ஒரு பங்கு, என் சிபாரிசு. இந்த அளவில்தான் மாடல்களும் உதிரி பாகங்களும் அதிகம். இரண்டாம் உலகப் போர் கால ஜெர்மன் டாங்கியான டைகர் 1 என்றால் பீரங்கிக் குழாயோடு சேர்த்து அரை மீட்டருக்கு மேல் நீளம் வரும். வைக்க இடம் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

ஜப்பானின் தமியா நிறுவனத்தின் கிட் பாகங்களாக வரும், நாமே உட்கார்ந்து பூட்ட வேண்டும். அருமையான வேலைதான், ஆனால் செலவும் பொறுமையும் நிறைய வேண்டும். சீனாவின் ஹெங் லாங் நிறுவன மாடல்கள் முழுதாகப் பூட்டியே வரும். பேட்டரியைச் சார்ஜ் போட்டால் ஓட்டலாம். முதல் டாங்கிக்கு அது போதும்.

பலரும் கோட்டை விடுவது கியர்பாக்ஸில், அதாவது மோட்டாரின் சுழற்சியைச் சக்கரத்துக்குக் கொண்டுபோகும் பல்சக்கரப் பெட்டியில். உலோக ட்ராக்கின் (சக்கரங்களைச் சுற்றி ஓடும் பட்டை) பளபளப்பில் மயங்கி, உள்ளே பிளாஸ்டிக் கியர் உள்ளதை வாங்கிவிடுவார்கள். உலோக ட்ராக் கனமானது. நின்ற இடத்திலேயே டாங்கியைத் திருப்பும்போது அத்தனை சுமையும் கியரின் மேல் விழும். சில நாளில் ‘கறகற’ என்று சத்தம் வரும், அப்புறம் பல் தேய்ந்து ஒரு பக்கம் ஓடாது. நானும் இப்படி ஒன்றைத் தொலைத்தவன்தான். கையில் இருக்கும் பணத்துக்கு இரண்டில் ஒன்றுதான் உலோகத்தில் முடியும் என்றால் பிளாஸ்டிக் ட்ராக், உலோக கியர் என்று எடுங்கள். ட்ராக்கைப் பிறகு மாற்றிக்கொள்ளலாம்.

சரி, வாங்கியாயிற்று. கம்பளத்தில் மட்டும் ஓட்டாதீர்கள். நூலும் தலைமுடியும் பல்சக்கர அச்சில் சுற்றிக்கொள்ளும். அதை எடுக்க ட்வீஸரோடு அரை மணி நேரம் குனிந்து உட்கார வேண்டும்.