பழைய காருக்கு டிஸ்க் பிரேக் பேட் மாற்றும்போது விடும் தவறுகள்

இலங்கைப் போரின் பொருளாதாரத் தடைக் காலத்தில் வன்னியில் கார்கள் மண்ணெண்ணெயில் ஓடின. சில துளி பெற்றோலில் இஞ்சினைக் கிளப்பிவிட்டு, சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். ‘ஸ்ரீ’ எழுத்துள்ள பழைய இலக்கத் தகட்டுக் கார்கள் சில இன்னும் ஓடுவது அந்தச் சமாளிப்பால்தான். ஆனால் அதே பழக்கத்தோடு பிரேக்கிலும் கை வைப்பதைப் பார்த்தால் எனக்குப் பயமாக இருக்கிறது.

ஒஸ்ரின் ஏ40, மொரிஸ் மைனருக்கெல்லாம் நான்கு சில்லுக்கும் டிரம் பிரேக்தான். 1962இல் வந்த மொரிஸ் 1100 போன்றவற்றில் முன் சில்லுகளுக்கு டிஸ்க் உண்டு, அதாவது சில்லோடு சுழலும் தட்டை இரண்டு பேட்டுகள் இறுக்கிப் பிடிக்கும். அப்படியான கார் வைத்திருப்பவர்களுக்குத்தான் இது.

பெரிய தவறு ஒரு சொல்லிலிருந்து வருகிறது. நாங்கள் ‘பிரேக் ஒயில்’ என்கிறோம். அது எண்ணெயே இல்லை. கிளைக்கோல் சேர்ந்த திரவம். குறைகிறதே என்று இஞ்சின் ஒயிலை ஊற்றினாலும், பேட்டுகளைத் தாங்கும் கலிப்பரை மண்ணெண்ணெயில் கழுவினாலும் உள்ளே இருக்கும் றப்பர் சீல்கள் ஊதிப் பழுதாகிவிடும். பேட்டைத் தள்ளும் பிஸ்டன் இறுகும், பிரேக் பிடித்தபடியே நிற்கும். கழுவுவதற்கு பிரேக் கிளீனரோ மெதைலேற்றட் ஸ்பிரிற்றோ போதும். ஊற்றுவதற்கு, திரவத் தாங்கியின் மூடியில் எழுதியிருக்கும் தரம், டொட் 3 அல்லது டொட் 4. போன வருடம் திறந்த போத்தல் வேண்டாம். அந்தத் திரவம் காற்றின் ஈரத்தை உறிஞ்சும். ஈரம் ஏறினால் சூட்டில் கொதித்து, பெடல் பஞ்சுபோல் இறங்கும்.

புதுப் பேட் தடிப்பானது என்பதால் பிஸ்டனை உள்ளே தள்ள வேண்டும். அப்போது மேலே தாங்கியில் திரவம் உயர்ந்து வழியும். பட்ட இடத்தில் பெயின்ற் உரியும். முதலே சிரிஞ்சால் கொஞ்சம் எடுத்துவிடுங்கள். பிஸ்டனைச் சுற்றி ஒட்டியிருக்கும் செம்மண் தூசியைத் துடைக்காமல் தள்ளினால் அது சீலை அறுக்கும். கழற்றிய கலிப்பரை றப்பர் குழாயில் தொங்கவிடாதீர்கள், கம்பியால் கட்டுங்கள். அந்தக்காலக் கார்கள் பலவற்றில் நான்கு சில்லுக்கும் ஒரே பிரேக் வழிதான். ஒரு குழாய் வெடித்தால் எல்லாப் பிரேக்கும் போய்விடும்.

பழைய பேட்டில் அஸ்பெஸ்ரஸ் இருக்கலாம். அந்தத் தூசியை வாயால் ஊதவோ கொம்பிரசரால் அடிக்கவோ கூடாது. தண்ணீர் தெளித்து, ஈரத்துணியால் துடையுங்கள். பிள்ளைகளைக் கிட்ட விடாதீர்கள்.

எங்கள் முற்றங்கள் மணல், மழை பெய்தால் சேறு. ஜாக் புதையும். அடியில் முதிரைப் பலகை போட்டு, பின் சில்லுகளுக்குக் கட்டை வைத்து, காரைத் தாங்கும் இரும்பு ஸ்ராண்டில் நிறுத்துங்கள். சீமெந்துக் கல்லை நம்பிக் கீழே போகாதீர்கள், அது சொல்லாமல் நொறுங்கும். கழற்றிய சில்லையும் காருக்கு அடியில் தள்ளிவிடுங்கள்.

ஒரு பக்கத்துக்கு மட்டும் பேட் மாற்றினால் பிரேக் ஒரு பக்கம் இழுக்கும். இரண்டு பக்கமும் மாற்றுங்கள். ஆனால் ஒன்றை முடித்த பிறகே மற்றதைக் கழற்றுங்கள். எந்தக் கிளிப் எங்கே என்று பார்க்க மற்றப் பக்கம் இருக்கும். பேட்டைப் பிடித்திருக்கும் பழைய ஸ்பிளிற் பின்னை நிமிர்த்தித் திரும்பப் போட வேண்டாம், புதிது வாங்குங்கள்.

அப்புறம், பெடல். பக்கத்து வீட்டு அண்ணா எல்லாவற்றையும் ஒழுங்காக மாட்டினார், பெடலை மட்டும் மிதித்துப் பார்க்கவில்லை. முதல் மிதி தரைவரை போனது. கைப்பிரேக்கை இழுத்ததால் கிணற்றுக் கட்டுக்கு ஒரு முழம் முன்னே கார் நின்றது. தள்ளிய பிஸ்டன் மறுபடி பேட்டைத் தொட, காரை அசைக்கும் முன்னே பெடலை மிதித்துக்கொண்டே இருக்க வேண்டும். கெட்டியானதும் திரவ அளவைப் பாருங்கள்.

அன்றைக்கே ஏ9 பெருவீதியில் ஏறாதீர்கள். ஆளில்லாத குச்சொழுங்கையில் மெதுவாக ஓடி, இருபது தடவையாவது மிதமாகப் பிரேக் பிடித்து, இடையிடையே ஆறவிடுங்கள். திரும்பி வந்து சில்லு நட்டுகளை இன்னொரு தரம் இறுக்கி, கலிப்பருக்குக் கீழே ஈரம் தெரிகிறதா என்று விரலால் தொட்டுப் பாருங்கள்.