கொழும்பில் 'பிஹேவ்' என்ற சொல்லைக் கவனமாகப் பிடியுங்கள்

தமிழ்நாட்டிலிருந்து வேலைக்காகக் கொழும்பு வருகிறவர்களுக்கு வெள்ளவத்தைக் கடைகளில் தமிழே போதும். அலுவலகத்தில் அப்படி இல்லை. சிங்களம் பழகும்வரை சக ஊழியர்களோடு பேச ஆங்கிலம்தான் கைகொடுக்கும். அந்தப் பேச்சில் வீண் மனத்தாங்கலைக் கொண்டுவரும் சொல் 'பிஹேவ்'.

கூட வேறு எதுவும் சேர்க்காமல் சொன்னால் அதற்கு 'ஒழுங்காக நட' என்றுதான் பொருள். 'பிஹேவ் யுவர்செல்ஃப்' என்பதும் அதேதான். பெரியவர்கள் பிள்ளைகளை அதட்டும் பேச்சு அது. வாக்குவாதத்தில் உங்கள் வயதுக்காரரிடம் சொன்னால் அவரைச் சின்னப் பிள்ளையாக நடத்தியதாகிவிடும், 'ப்ளீஸ்' சேர்த்தாலும் சூடு தணியாது. 'லெட்ஸ் டாக் லேட்டர்' என்று சொல்லி எழுந்துவிடுங்கள், ஒரு பிளேன்டீ குடித்துவிட்டு அப்புறம் பேசலாம். இயந்திரம், சாஃப்ட்வேர் 'எப்படி பிஹேவ் பண்ணுகிறது' என்று கேட்பதில் ஒரு தொல்லையும் இல்லை.

'மிஸ்பிஹேவ்' விஷயத்தில்தான் அதிகக் கவனம் வேண்டும். பிள்ளையைப் பற்றிச் சொன்னால் குறும்பு, அவ்வளவுதான். ஆனால் நம் பக்கத்து ஆங்கிலத்தில் ஓர் ஆண் ஒரு பெண்ணிடம் 'மிஸ்பிஹேவ்' பண்ணினார் என்றால், கேட்பவர் பாலியல் அத்துமீறல் என்றே பெரும்பாலும் எடுத்துக்கொள்வார். மேலாளர் கத்தினார் என்று முறையிடப் போய் இந்தச் சொல்லை எழுதிவிட்டால் விவகாரம் வேறு திசையில் போய்விடும். 'ஹி ஷவுட்டட் அட் மீ' என்று நடந்ததை நடந்தபடி எழுதுங்கள்.

சரி, உண்மையிலேயே அத்துமீறல் நடந்திருந்தால்? பஸ் நெரிசலிலோ வேலையிடத்திலோ அப்படி நடந்தால் இந்த மழுப்பல் சொல் உங்களுக்கு உதவாது. 'செக்ஷுவல் ஹராஸ்மென்ட்' என்றே சொல்லுங்கள். இலங்கைத் தண்டனைச் சட்டக்கோவையின் 345ஆம் பிரிவு அதைக் குற்றம் என்கிறது. பொலிஸ் அவசர எண் 119, பெண்களுக்கான உதவி எண் 1938. தமிழும் இந்த நாட்டின் ஆட்சிமொழி என்பதால், முறைப்பாட்டைத் தமிழில் கொடுக்கக் கேட்பது உங்கள் உரிமை. தயங்காதீர்கள்.

எழுதும்போது ஒரு சின்ன விஷயம். இங்கே பிரிட்டிஷ் எழுத்துக்கூட்டல்தான் வழக்கம்: 'பிஹேவியர்' ஓ, யு, ஆர் என்று முடியும். மடிக்கணினி அமெரிக்க ஆங்கிலத்தில் இருந்தால் அந்த 'யு'வைப் பிழை என்று காட்டும். மொழி அமைப்பை ஒருமுறை மாற்றி வைத்துவிடுங்கள்.