ஸ்மார்ட் நகரங்கள் சறுக்கும் இடங்கள்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

நகரங்களுக்கான எரிசக்தி, போக்குவரத்துத் திட்ட அறிக்கைகள் பெரும்பாலும் ஒரு கருவியில்தான் ஆரம்பிக்கின்றன. சென்சார், செயலி, மின்வாகனம், தானாக ஓடும் வண்டி என்று ஏதோ ஒன்று. எந்தச் சிக்கலைத் தீர்க்க இது என்ற கேள்வி பத்தாவது பக்கத்தில் வரும், சில சமயம் வரவே வராது. உண்மையில் நகரத்துக்குத் தட்டுப்பாடான பொருட்கள் இரண்டு: சாலையில் இடம், மாலை நேரத்து மின்சாரம். இந்த இரண்டையும் மறந்த திட்டம் எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும் சறுக்கும்.

மின்கார் வந்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நம்புவதுதான் அதிகம் பார்க்கும் தவறு. புகை போகும், சத்தம் குறையும், அதில் சந்தேகமில்லை. ஆனால் நெரிசலில் நூறு பெட்ரோல் கார்கள் நின்ற இடத்தில் இனி நூறு மின்கார்கள் நிற்கும். நகரச் சாலையின் ஒரு தடத்தில் கார்கள் மணிக்கு அதிகபட்சம் 2,000 பேர் அளவில்தான் கொண்டுபோகும். அதே தடத்தைப் பேருந்துக்கென்று ஒதுக்கினால் அதைப்போல் பல மடங்கு பேர் போகலாம். சீனாவின் ஷென்ஜென் நகரம் 2017 முடிவதற்குள் தன் 16,000-க்கும் மேற்பட்ட பேருந்துகளை மின்சாரத்துக்கு மாற்றியது. நாள் முழுக்க ஓடும் வண்டியில் பேட்டரியைப் போடுவதற்கும், நாளில் பெரும்பகுதி நின்றே கிடக்கும் வண்டியில் போடுவதற்கும் பலனில் பெரிய வித்தியாசம் உண்டு.

சாலையை அகலப்படுத்துவது இன்னொரு பழைய மயக்கம். அமெரிக்காவின் ஹூஸ்டனில் கேட்டி நெடுஞ்சாலையை 2008 வாக்கில் சில இடங்களில் 26 தடங்கள் வரை விரித்தார்கள். 2011-க்கும் 2014-க்கும் இடையில் மாலை நேரப் பயணம் பாதிக்கும் மேல் நீண்டுவிட்டது. இடம் கிடைத்ததும் வண்டிகள் வந்து நிரம்பின, அவ்வளவுதான். சுவீடனின் ஸ்டாக்ஹோம் எதிர்த்திசையில் போனது. 2006-இல் ஏழு மாதம் சோதனையாக, நகர மையத்துக்குள் நுழையவும் வெளியேறவும் கட்டணம் வைத்தது. போக்குவரத்து ஏறக்குறைய 20 சதவீதம் குறைந்தது. முதலில் முணுமுணுத்த மக்களே சோதனை முடிந்த பிறகு வாக்கெடுப்பில் ஆதரவு தந்தார்கள். 2007-இல் அது நிரந்தரமானது. முதலில் செய்து காட்டிவிட்டு அப்புறம் கருத்துக் கேட்ட அந்த வரிசை எனக்குப் பிடித்திருக்கிறது.

சரி, மின்சாரத்துக்கு வருவோம். இங்கே ஆண்டுக்கு எத்தனை யூனிட் என்ற கணக்கை மட்டும் பார்ப்பதுதான் தவறு. சூரிய மின்சாரம் நண்பகலில் குவிகிறது, தேவை பொழுது சாய்ந்த பிறகு ஏறுகிறது. கலிபோர்னியாவில் இந்த ஏற்ற இறக்கத்தை வரைந்து பார்த்தால் வாத்தின் உருவம் போல இருக்கிறது என்று ‘வாத்து வளைவு’ என்றே பெயர் வைத்துவிட்டார்கள். அங்கே வசந்த கால நண்பகல்களில் சூரிய மின்சாரம் மிஞ்சி, உற்பத்தியையே குறைக்கச் சொல்லும் நாட்களும் உண்டு.

இப்போது வேலை முடிந்து வீடு திரும்பும் எல்லாரும் ஒரே நேரத்தில் காரைச் செருகினால் என்ன ஆகும்? வீட்டு சார்ஜர் ஒன்று சுமார் 7 கிலோவாட் இழுக்கும். 100 கேவிஏ, அதாவது ஏறக்குறைய 100 கிலோவாட் வரை தாங்கும் டிரான்ஸ்பார்மர் ஒன்றில் வேறு எந்தச் சுமையும் இல்லாவிட்டாலும் பதினான்கு கார்களோடு அது திணறும். அதற்காக இரவு 12 மணிக்கு மேல் விலை குறைவு என்று அறிவித்தால் வேலை முடிந்ததா? இல்லை. எல்லா சார்ஜர்களும் சரியாக 12 மணிக்கு விழித்துக்கொள்ளும், நடுநிசியில் புதிதாக ஓர் உச்சம் முளைக்கும். இதற்காகவே பிரிட்டனில் 2022 முதல் புதிய வீட்டு சார்ஜர்கள் தாமாகவே ஒவ்வொன்றும் வெவ்வேறு அளவு, சில நிமிடம் தாமதித்துத் தொடங்க வேண்டும் என்று விதி வைத்திருக்கிறார்கள். சின்ன ஏற்பாடுதான், ஆனால் யோசித்துச் செய்தது.

வெயில் இருக்கும் நேரத்தில் கார் பெரும்பாலும் அலுவலக நிறுத்தத்தில்தான் நிற்கிறது. சார்ஜர்களையும் அங்கே வைத்தால் மிஞ்சும் நண்பகல் மின்சாரம் நேராக பேட்டரிக்குள் போகும். ஆனால் வாகன நிறுத்தத்தை ஒரு துறையும் மின்சாரத்தை இன்னொரு துறையும் பார்க்கின்றன, இரண்டும் ஒரே மேசையில் உட்காருவதில்லை. பணிமனையில் நூறு பேருந்துகளை 60 கிலோவாட் வீதம் ஒரே சமயம் செருகினால் 6 மெகாவாட் வேண்டும். பேருந்து வாங்க ஒப்பந்தம் போட்ட பிறகு மின் இணைப்புக்கு விண்ணப்பித்தால் புதுப் பேருந்துகள் வெயிலில் நின்று தூசி படியும்.

இன்னும் சிலவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். அபுதாபியின் மஸ்தார் நகரில் ஊர் முழுக்க ஓட வேண்டிய ஓட்டுநரில்லாச் சிறு வண்டிகள் முதல் கட்டத்தோடு நின்றுவிட்டன. மாதிரித் திட்டம் அழகாக ஓடினால் ஊருக்கே ஓடும் என்று பொருளில்லை. நின்றபடி ஓட்டும் வாடகை மின் ஸ்கூட்டர்களை எங்கே நிறுத்துவது என்பதைப் பின்னால் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் நடைபாதை போய்விடும். பாரிஸ் மக்கள் 2023-இல் வாக்களித்தே அவற்றை வெளியேற்றினார்கள். பயணச்சீட்டு செயலியில் மட்டுமே என்றால், போன் இல்லாதவர் பேருந்துக்கே வர முடியாது.

கடைசியாக சிக்னல். கேமரா வைத்த சிக்னல் வண்டிகளை எண்ணுகிறது. ஐம்பது பேர் இருக்கும் பேருந்தும் ஒருவர் இருக்கும் காரும் அதன் கணக்கில் ஒன்று, ஒன்று. நடந்து போகிறவர் பல சமயம் கணக்கிலேயே இல்லை. சுவிட்சர்லாந்தின் சூரிச் மக்கள் 1973-இல் சுரங்க ரயில் திட்டத்தை வாக்கெடுப்பில் மறுத்தார்கள். நகரம் இருக்கிற டிராம்களையே பேணத் தொடங்கியது. டிராம் நெருங்கினால் சிக்னல் பச்சைக்கு மாறி வழிவிடுகிறது, கார் சற்றே காத்திருக்கிறது.