நீரடி ஸ்கூட்டரைத் தேர்ந்தெடுப்பது எப்படி: ஸ்கூபா முக்குளிப்போருக்கான வழிகாட்டி

ஸ்கூபா முக்குளிப்புக்கென்று, முக்குளிப்பவரை நீருக்கடியில் இழுத்துச் செல்லும் மின்கருவியான நீரடி ஸ்கூட்டரை வாங்க நினைப்பவர்களில் பெரும்பாலோர் முதலில் கேட்பது, அது எவ்வளவு வேகமாகப் போகும் என்பதைத்தான். கருவி நடுவழியில் நின்றுவிட்டால் புறப்பட்ட இடத்துக்கு நீந்தித் திரும்ப முடியுமா, அதற்குச் சிலிண்டரில் காற்று போதுமா என்ற கேள்விக்கே முதலிடம் தர வேண்டும். எந்த வகை, எவ்வளவு பேட்டரி, எத்தனை மீட்டர் ஆழம் என்ற மற்ற முடிவுகளெல்லாம் அந்தக் கேள்விக்கான விடையைப் பொறுத்தே அமைகின்றன.

கணக்கிட்டுப் பார்த்தால் இது தெளிவாகும். முழுக் கருவிகளுடன் இருக்கும் ஒருவரை நல்ல ஸ்கூட்டர் ஒன்று நிமிடத்துக்குச் சுமார் 45 மீட்டர் இழுத்துச் செல்கிறது என்று வைத்துக்கொள்வோம். 20 நிமிடத்தில் அவர் 900 மீட்டர் தொலைவில் இருப்பார். பதற்றமில்லாமல் துடுப்புக் காலணியால் நீந்தினால் நிமிடத்துக்கு 15 மீட்டர் கிடைக்கும் என்று கொண்டால், திரும்பி வர ஒரு மணி நேரம் ஆகும். 20 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் 3 பார், அதாவது மேற்பரப்பில் உள்ளதைப் போல மூன்று மடங்கு என்பதால், மேற்பரப்பில் நிமிடத்துக்கு 20 லிட்டர் சுவாசிப்பவர் அங்கே 60 லிட்டர் செலவிடுவார். ஒரு மணி நேரத்துக்கு 3,600 லிட்டர் தேவை. வழக்கமான அலுமினியச் சிலிண்டரில் நிரம்பியிருக்கும் காற்றோ ஏறத்தாழ 2,200 லிட்டர்தான். திறந்த கடலில் மேலே எழும்பிவிடலாம் என்பது உண்மை; ஆனால் அப்போது படகு ஒரு கிலோமீட்டர் தொலைவில் இருக்கும், நீரோட்டம் உங்களை வேறு திசையில் கொண்டுபோய்க்கொண்டிருக்கும். இதே கணக்கை 5 நிமிடப் பயணத்துக்குப் போட்டால் தொலைவு 225 மீட்டர், நீந்தித் திரும்பும் நேரம் 15 நிமிடம், காற்று 900 லிட்டர், எளிதில் சமாளிக்கலாம். ஆகவே, வழக்கமாக முக்குளிக்கும் இடத்துக்கு இந்தக் கணக்கைத் தாளில் எழுதிப் பார்த்துவிட்டு, அதன் பிறகு கடைக்குப் போங்கள்.

சந்தையில் உள்ளவற்றை இரண்டு வகையாகப் பிரிக்கலாம். இரு கைகளாலும் முன்னால் நீட்டிப் பிடிக்கும் சிறு கருவிகள் முதல் வகை. இவை சில கிலோ எடை மட்டுமே இருக்கும். மேலோட்டமாக நீந்துவோரையும் ஆழம் குறைந்த பவளப் பாறைகளைச் சுற்றி வருவோரையும் மனத்தில் வைத்துச் செய்யப்பட்டவை. இரண்டாம் வகை, டைவ் மையங்களில் டி.பி.வி. (DPV, முக்குளிப்பவரை உந்திச் செல்லும் ஊர்தி) என்று சொல்லப்படும் உருளை வடிவக் கருவி. இதில் இழுவைக் கயிறு ஒன்று இருக்கும். அதன் கொக்கியை, உங்கள் கால்களுக்கு இடையே வரும் பட்டையில் உள்ள டி (D) வடிவ வளையத்தில் மாட்டிக்கொள்வீர்கள். இழுக்கும் விசை முழுவதையும் உடல் பட்டை ஏற்றுக்கொள்வதால், ஒரு கை திசையை மட்டும் பார்த்துக்கொள்ளும், மறு கை விளக்குக்கோ மூக்கைப் பிடித்துக் காதின் அழுத்தத்தைச் சமன்செய்யவோ ஓய்வாக இருக்கும். அரை மணி நேரம் இரு கைகளையும் நீட்டியபடி இழுபட்டுப் பாருங்கள், தோள்கள் இந்த வேறுபாட்டைச் சொல்லிவிடும். என் தீர்மானமான கருத்து, ஸ்கூபாவுக்கென்றே வாங்குபவர் கயிறு உள்ள வகையை வாங்க வேண்டும் என்பதே. மிதவையைக் கட்டுப்படுத்த அணியும் சாதாரண பி.சி.டி. (BCD) மேற்சட்டைகளில் அந்த டி வளையம் இருப்பதில்லை. தனி இடுப்புப் பட்டை வாங்கும் செலவையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இனி வேகம். விளம்பரத்தில் வரும் வேகம் பெரும்பாலும் சிலிண்டர் இல்லாத, ஒடுங்கிய உடலுடைய நீச்சல்காரரை வைத்து அளந்ததாகவே இருக்கும். சிலிண்டர், மேற்சட்டை, தொங்கும் குழாய்கள் ஆகியவை நீரின் எதிர்ப்பைப் பெருமளவு கூட்டிவிடும். நீரின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பவும், தேவைப்படும் மின்திறன் வேகத்தின் கனத்துக்கு (மும்மடிக்கு) ஏற்பவும் உயர்கின்றன. வேகத்தை இரட்டிப்பாக்க எட்டு மடங்கு திறன் வேண்டும் என்பது இதன் பொருள். அதனால்தான் முழு வேகத்தில் ஓடும் ஸ்கூட்டரின் பேட்டரி கண்ணெதிரே கரைகிறது, பாதி வேகத்தில் அதே பேட்டரி ஏறத்தாழ நான்கு மடங்கு தொலைவு கொண்டுபோகிறது. எனவே விற்பனையாளரிடம் ‘எவ்வளவு நேரம் ஓடும்’ என்று மட்டும் கேட்காமல், எந்த வேகத்தில் அவ்வளவு நேரம் ஓடும் என்று சேர்த்துக் கேளுங்கள். இரண்டையும் சொல்லாத விவர அட்டையை நம்ப வேண்டாம். பல வேக நிலைகள் உள்ள கருவியையே தேர்ந்தெடுங்கள். உடன் முக்குளிக்கும் இணையருடன் ஒரே வேகத்தில் செல்லவும் அது உதவும்.

அதற்காக விசை குறைந்ததை வாங்கிவிடலாம் என்று எண்ணவும் கூடாது. ஒரு நாட் நீரோட்டம் என்பது நிமிடத்துக்குச் சுமார் 31 மீட்டர். உங்கள் முழுக் கருவிகளோடு 45 மீட்டர் போகும் ஸ்கூட்டர் அதை எதிர்த்து 14 மீட்டர்தான் முன்னேறும். 30 மீட்டர் போகும் சிறு கருவி நின்ற இடத்திலேயே பேட்டரியைத் தீர்த்துவிடும். அந்தமானைப் போல நீரோட்டம் வலுக்கும் இடங்களில் முக்குளிப்பவர்கள் இதைக் கட்டாயம் கணக்கில் கொள்ள வேண்டும்.

ஆழ வரம்பை எளிதில் முடிவு செய்யலாம். பொழுதுபோக்கு முக்குளிப்பின் எல்லை 40 மீட்டர். கருவியின் வரம்பு அதைவிடத் தாராளமாக இருக்கட்டும். மட்டக்களப்புக்கு அப்பால் 1942 ஏப்ரல் 9 அன்று மூழ்கடிக்கப்பட்ட ஹெர்மிஸ் விமானந்தாங்கிக் கப்பலைப் பார்க்கும் ஆசை பலருக்கு உண்டு. அது 50 மீட்டருக்கும் கீழே கிடக்கிறது. அங்கே அழுத்தம் 6 பாரைத் தாண்டும். அத்தகைய முக்குளிப்புக்குத் தனிப் பயிற்சியும், சாதாரணக் காற்றுக்குப் பதிலாகச் சுவாசிக்கும் கலப்பு வாயுவும் தேவைப்படுவதைப் போலவே, 40 மீட்டர் என்று முத்திரையிட்ட கருவியை அங்கே கொண்டுபோகாத கட்டுப்பாடும் தேவை.

பேட்டரியின் கொள்ளளவை வாட்மணி (வோல்ட்டையும் ஆம்பியர்மணியையும் பெருக்கினால் வருவது) என்ற அலகில் பாருங்கள். விமானத்தில் போய் முக்குளிப்பவருக்கு இதுவே முடிவைத் தீர்மானிக்கும் எண். பன்னாட்டு விமான விதிகளின்படி 100 வாட்மணி வரையிலான லித்தியம் பேட்டரியைப் பயணி எடுத்துச் செல்லலாம். 100 முதல் 160 வரை என்றால் விமான நிறுவனத்தின் ஒப்புதல் வேண்டும், உதிரியாக இரண்டு மட்டுமே அனுமதி. 160-ஐத் தாண்டினால் பயணிகளின் சுமையில் இடமில்லை. உதிரி பேட்டரிகள் கைப்பையில்தான் வர வேண்டும். பெரிய ஸ்கூட்டர்களின் பேட்டரி 500 வாட்மணியைக் கடந்துவிடுவதால் அவற்றை விமானத்தில் கொண்டுபோகும் எண்ணத்தைக் கைவிட வேண்டியதுதான். டைவ் எக்ஸ்ட்ராஸ் நிறுவனத்தின் பிளாக்டிப் போன்ற சில கருவிகள் துளையிடும் இயந்திரங்களுக்கான கழற்றக்கூடிய பேட்டரிகளில் ஓடுகின்றன. 18 வோல்ட், 5 ஆம்பியர்மணி பேட்டரி 90 வாட்மணிதான் என்பதால் வரம்புக்குள் அடங்கும், போகும் ஊரிலேயே வாங்கிக்கொள்ளவும் வாய்ப்புண்டு. பயணம் செய்யும் முக்குளிப்பாளருக்கு இந்த ஏற்பாட்டையே நான் பரிந்துரைப்பேன்.

பழைய கருவியை வாங்குவதானால் பேட்டரி வகையைக் கவனியுங்கள். ஈய அமில பேட்டரியும் நிக்கல் வகையும் ஹைட்ரஜனை வெளியிடக்கூடியவை. மூடிய உறைக்குள் அது சேர்ந்தால் வெடிக்கும் ஆபத்து உண்டு. அவற்றை உறையைத் திறந்து வைத்துத்தான் மின்னேற்றம் செய்ய வேண்டும், முடிந்த பின்னும் காற்றோட வைத்திருந்தே மூட வேண்டும்.

மிதவைச் சமநிலையைப் பலரும் கடையில் கேட்க மறந்துவிடுகிறார்கள். கையை விட்டால் ஸ்கூட்டர் மூழ்கவும் கூடாது, விர்ரென்று மேலேறவும் கூடாது. மூக்கு கீழ்நோக்கியோ மேல்நோக்கியோ சாயாமல் கிடைமட்டமாக நிற்க வேண்டும். 20 லிட்டர் நீரை விலக்கும் கருவிக்குக் கடல் நீரிலும் நன்னீரிலும் அரைக் கிலோ வித்தியாசம் வரும் என்பதால், எடையைக் கூட்டவும் குறைக்கவும் உள்ளே இடம் இருக்கிறதா என்று பாருங்கள். உள்ளே நீர் புகுந்துவிட்ட ஸ்கூட்டர் பல கிலோ கனமாகி உங்களைக் கீழே இழுக்கும். ஒரே கையால், கையுறையோடு, கொக்கியைக் கழற்ற முடிய வேண்டும்.

கைப்பிடியில் அழுத்தி இயக்கும் விசையை விட்டதும் விசிறி உடனே நிற்கிறதா என்று தரையிலேயே பலமுறை சோதியுங்கள். விசை சிக்கிக்கொண்டு ஓட்டம் நிற்காமல் போனால் என்ன செய்வது என்பதற்கு ஒவ்வொரு தயாரிப்பிலும் வெவ்வேறு வழி இருக்கிறது: சிலவற்றில் விசிறி இதழ்களின் கோணத்தைச் சுழியமாக்கலாம், சிலவற்றில் மின் இணைப்பை வெளியிலிருந்தே துண்டிக்கலாம். எந்த வழியும் இல்லாத கருவியை வாங்காதீர்கள். விசிறியைச் சுற்றிக் காப்பு வளையம் இருக்க வேண்டும். தொங்கும் குழாயும் அவிழ்ந்த கூந்தலும் அதில் சிக்கும்.

வாங்கும் முன் ஒரு முறையாவது வாடகைக்கு எடுத்து, உங்கள் சொந்தக் கருவிகளோடு ஓட்டிப் பாருங்கள். தொலைவு தெரிந்த இரண்டு இடங்களுக்கு நடுவே ஆகும் நேரத்தை இரு திசையிலும் அளந்தால், விளம்பரம் சொல்லாத உண்மை வேகம் கிடைக்கும். கயிற்றின் நீளம் சரியாக இருந்தால் விசிறி தள்ளும் நீர் உங்கள் மார்பில் மோதாமல் உடலுக்குக் கீழே ஓடும். ஆழமானி மீது எப்போதும் கண் இருக்கட்டும்: பரிந்துரைக்கப்படும் ஏறு வேகம் நிமிடத்துக்கு 9 மீட்டர், ஸ்கூட்டரோ அதைப் போல ஐந்து மடங்கு வேகத்தில் உங்களை மேலே கொண்டுபோகும் வலிமை உடையது. மூச்சை அடக்கிக்கொண்டு அப்படி ஏறினால் நுரையீரல் கிழியும். இந்த ஒரு காரணத்துக்காகவே, பாடி (PADI) போன்ற முக்குளிப்புப் பயிற்சி அமைப்புகள் நடத்தும் டி.பி.வி. சிறப்புப் பயிற்சியின் கட்டணத்தைக் கருவியின் விலையோடு சேர்த்தே ஒதுக்கி வையுங்கள். மேலேறும்போது விசையிலிருந்து கையை எடுத்துவிட்டுத் துடுப்பால் ஏறுவதே அங்கே முதலில் பழக்கப்பட வேண்டியது.

பழுது பார்க்கும் வசதி உள்ளூரில் இல்லையென்றால், ஓ-ரிங் (நீர் புகாமல் தடுக்கும் ரப்பர் வளையம்), காப்பு ஊசி (விசிறி சிக்கினால் தான் உடைந்து மோட்டாரைக் காப்பது), விசிறி ஆகிய உதிரிகளை வாங்கும்போதே கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். ஓ-ரிங்கில் ஒட்டிய ஒரு தலைமுடி போதும், நீர் உள்ளே புகும். ஒவ்வொரு முறை மூடும்போதும் துடைத்து, சிலிக்கோன் கிரீஸை மெல்லிதாகத் தடவ வேண்டும். கடலிலிருந்து எடுத்ததும் நன்னீரில் அலசுங்கள். சில மாதங்கள் பயன்படுத்தப் போவதில்லை என்றால் லித்தியம் பேட்டரியை முழுதாக நிரப்பாமல், பாதியளவு மின்னேற்றத்தோடு வெயில் படாத குளிர்ந்த இடத்தில் வையுங்கள்.